கத்தோலிக்க வளர்ச்சி நிறுவனங்களும் அவற்றின் ஆட்சிக் குழுக்களும்

திருப்பதியில் அறக்கொடையின் நிர்வாகம் பற்றிய பேச்சு புதியதன்று. 1843ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி கோயில் நிர்வாகத்தினின்று விலகிக்கொண்டு, அதனை ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் ஒப்படைத்தது. ஏறத்தாழ 90 ஆண்டுகள் மடத் தலைவர் ஒருவரின் கையில் இருந்த அப்பொறுப்பு, சென்னை மாகாணச் சட்டமன்றம் இயற்றிய தேவஸ்தானச் சட்டத்தின் வாயிலாக 1933இல் ஒரு குழுவிடம் சென்றது. இன்று 1987ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேசச் சட்டப்படி அறங்காவலர் குழுவை மாநில அரசு நியமிக்கிறது. அன்றாட அலுவல்களை நிர்வாக அதிகாரி கவனிக்கிறார். பல்லாயிரவர் நம்பிக்கையுடன் அளிக்கும் பொருளைச் செலவிடும் வகையை ஒருவர் தீர்மானிப்பதா, பலர் கூடித் தீர்மானிப்பதா என்ற வினாவுக்கு இவ்வூர் வரலாறு தந்த விடை இது.

அதே வினாவை நாடுகளின் எல்லை கடந்த அளவில் எதிர்கொள்பவை, கத்தோலிக்கத் திருச்சபையைச் சார்ந்த பன்னாட்டு வளர்ச்சி நிறுவனங்களாகும். அங்கே கொடுப்பவர் ஒரு நாட்டில், பெறுபவர் மற்றொரு நாட்டில்; இருவரும் ஒருவரையொருவர் காண்பதில்லை. இடையில் நிற்பது ஆட்சிக் குழு.

இந்நிறுவனங்களுள் பெரும்பாலானவை இரண்டாம் உலகப் போரை ஒட்டியும் அதன் பின்னரும் தோன்றியவை. அமெரிக்க ஆயர்கள் 1943இல் போர் நிவாரணத்திற்கென அமைத்ததே பின்னர் கத்தோலிக்க நிவாரணச் சேவை என வளர்ந்தது; 1946 முதல் இந்தியாவிலும் பணியாற்றி வருகிறது. ஜெர்மானிய ஆயர்கள் 1958இல் மிசேரியோர் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். இங்கிலாந்தில் காஃபோட் நிறுவனத்தின் தொடக்கம் இன்னும் எளியது: கத்தோலிக்கப் பெண்கள் அமைப்பினர் 1960இல் ஒரு நாள் குடும்ப நோன்பு இருந்து, மிச்சப்பட்ட பணத்தை டொமினிக்காத் தீவிற்கு அனுப்பினர். அயர்லாந்தின் ட்ரோக்கரா 1973இல் பிறந்தது. உலகெங்கும் உள்ள காரித்தாஸ் அமைப்புகளை இணைக்கும் அனைத்துலகக் காரித்தாஸ் 1951இல் 13 உறுப்பு அமைப்புகளுடன் தொடங்கி, இன்று 160க்கும் மேற்பட்டவற்றைக் கொண்டுள்ளது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 1962இல் நிறுவிய காரித்தாஸ் இந்தியா அதன் உறுப்பினர்.

இவற்றின் ஆட்சிக் குழுக்கள் ஒரே வார்ப்பில் அமைந்தவை அல்ல. கனடாவில் 1967இல் தோன்றிய ‘வளர்ச்சியும் அமைதியும்’ என்னும் அமைப்பில், உறுப்பினராகச் சேர்ந்த பொதுமக்களே தம் தேசியக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் மரபு உண்டு. அமெரிக்க நிறுவனத்திலோ நெடுங்காலம் ஆயர்களே குழுவில் அமர்ந்திருந்தனர். இந்நூற்றாண்டில்தான் பொதுநிலையினருக்கும் அங்கே இடம் கிடைத்தது. கணக்கியல், சட்டம், வேளாண்மை, மருத்துவம் ஆகிய துறைகளில் தேர்ந்தோர் இன்றிப் பெருந்தொகைகளை மேற்பார்வையிடுதல் இயலாது என்ற உணர்வே இம்மாற்றத்திற்குக் காரணம் எனலாம். காரித்தாஸ் இந்தியாவில் தலைவர் ஓர் ஆயர். செயல் இயக்குநர் பெரும்பாலும் ஒரு குருவானவர்.

குழுவின் கடமை யாது? அன்றாட நிர்வாகம் அதன் வேலையன்று. இயக்குநரை நியமித்தல், ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தை ஏற்றல், தணிக்கையாளரின் அறிக்கையைக் கேள்வி கேட்டுப் படித்தல், எந்தப் பகுதிக்கும் எந்தப் பணிக்கும் முன்னுரிமை என வகுத்தல் ஆகியவையே அதன் பொறுப்பு. ஓர் உறுப்பினருக்குத் தனிப்பட்ட தொடர்புடைய திட்டம் விவாதத்திற்கு வரும்போது அவர் விலகி நிற்பதும் இதில் அடங்கும். எளிய விதிபோல் தோன்றினும் நடைமுறையில் மீறப்படுவது இதுவே.

சித்தூர் மாவட்டத்தின் வறண்ட மேற்குப் பகுதியில் ஓர் ஏரியைத் தூர்வார வேண்டியிருக்கிறது எனக் கொள்வோம். நிலக்கடலை விவசாயிகளின் கோரிக்கை முதலில் மறைமாவட்டத்தின் சமூகப் பணி மையத்தை அடைகிறது. சித்தூர் வட்டாரம் 1976இல் உருவான கடப்பை மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மையம் கோரிக்கையை மதிப்பீட்டுடன் தேசிய நிறுவனத்திற்கோ நேரே வெளிநாட்டுக் கொடையாளருக்கோ அனுப்புகிறது. ஆகன் நகரில் உள்ள மிசேரியோர் அதிகாரி அதனை ஆராய்கிறார். அவர் கையிலுள்ள பணத்தின் ஒரு பகுதி தவக்காலக் காணிக்கை. மற்றொரு பகுதி, 1962 முதல் திருச்சபை வாயிலாக வழங்கப்பட்டுவரும் ஜெர்மானிய அரசின் நிதி. ஆதலின் இரு தரப்பாருக்கும் கணக்குக் கூற வேண்டியுள்ளது. இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு குழு உண்டு. ஏரிக்கரையில் வாழ்பவர் மட்டும் அவற்றுள் எதிலும் பெரும்பாலும் அமர்வதில்லை. இதனை ஈடுசெய்யக் கிராமக் குழுக்கள் அமைக்கப்படுகின்றன என்பது உண்மையே. ஆயினும் ஆலோசனை கூறுவதும் வாக்களிப்பதும் ஒன்றாகா.

குழுவில் எவர் அமர்கின்றனர் என்பது இந்தியச் சூழலில் சாதியையும் தொட்டு நிற்கும் வினா. இந்நாட்டுக் கத்தோலிக்கருள் பெரும் பகுதியினர் தலித் மக்கள். தலைமைப் பொறுப்புகளில் அவர்களின் பங்கு நெடுங்காலம் சிறிதாகவே இருந்தது. 2008 முதல் கர்னூல் ஆயராக விளங்கி, பின்னர் ஐதராபாத் பேராயரான பூல அந்தோணி 2022இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டபோது, தலித் சமூகத்திலிருந்து அந்நிலை எய்திய முதல் மனிதர் அவரே என்பது பரவலாகப் பேசப்பட்டது.

மேலிருந்து வரும் கட்டுப்பாட்டிற்கும் குழுவின் சுதந்திரத்திற்கும் இடையே உள்ள இழுபறியை அனைத்துலகக் காரித்தாஸின் அண்மை வரலாறு காட்டுகிறது. 2011இல் அதன் பொதுச் செயலாளர் லெஸ்லி ஆன் நைட் மீண்டும் போட்டியிட வத்திக்கான் இசைவு தரவில்லை. அடுத்த ஆண்டு வந்த புதிய விதிகள் வத்திக்கானின் மேற்பார்வையை மேலும் உறுதிசெய்தன. 2022 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிசு ஓர் ஆணையின் மூலம் தலைவர், துணைத் தலைவர்கள், பொதுச் செயலாளர், பொருளாளர் அனைவரையும் பொறுப்பினின்று விடுவித்து, பியர் பிரான்சிஸ்கோ பினெல்லியைத் தற்காலிக நிர்வாகியாக நியமித்தார். வெளியார் கொண்டு நடத்திய ஆய்வில் பணமோசடிக்குச் சான்று கிடைக்கவில்லை. நிர்வாக முறைகளின் குறைகளும், அவற்றால் ஊழியரின் ஊக்கம் சிதைந்ததுமே காரணமாகக் கூறப்பட்டன. 2023 மே மாதப் பொதுப் பேரவை டோக்கியோ பேராயர் கிக்குச்சியைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. கணக்கு நேராக இருந்தும் நிர்வாகம் சீர்குலையக்கூடும் என்பதையும், அதனை முதலில் கண்டறிய வேண்டியது ஆட்சிக் குழுவே என்பதையும் அதிகாரிகள் இங்கு கவனிக்கலாம்.

இந்தியாவில் இக்குழுக்களின் பொறுப்பைப் பெரிதும் மாற்றியது அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டமாகும். 1976இல் முதலில் வந்து, 2010இல் புதிதாக இயற்றப்பட்ட இச்சட்டம் 2020இல் மேலும் இறுக்கப்பட்டது. அயல்நாட்டு நிதி முழுவதும் முதலில் புது தில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளை ஒன்றின் கணக்கிற்கே வந்து சேர வேண்டும். நிர்வாகச் செலவின் உச்சவரம்பு நூற்றுக்கு 50லிருந்து 20ஆகக் குறைக்கப்பட்டது. யாவற்றினும் முக்கியமானது, ஒரு நிறுவனம் தான் பெற்ற அயல்நாட்டு நிதியை வேறொரு நிறுவனத்திற்கு மாற்றித் தரலாகாது என்ற தடை. முன்பு தலைநகரில் நிதியைப் பெற்று மாவட்டந்தோறும் பங்கிட்ட தேசிய நிறுவனம், இனி அந்நிதியைக் கொண்டு தானே களத்தில் இறங்கிப் பணியாற்ற வேண்டும். அல்லது மாவட்டத்துச் சிறு சங்கம் தானே பதிவு பெற்று நேரே நிதி பெற வேண்டும். நிதி வழங்கும் திட்டங்களைத் தேர்ந்தெடுத்துவந்த குழு, பணியாளரை அமர்த்தி வேலை வாங்கும் குழுவாக மாற நேர்கிறது. நிதி திசைமாறுவதைத் தடுக்க இத்தகைய கண்காணிப்பு வேண்டும் என்பது அரசின் நிலை. தில்லியில் கணக்கு எழுத ஆள் வைத்துக்கொள்ள இயலாத சிறு சங்கங்களே முதலில் நலிவுறும் என்பது தொண்டு நிறுவனங்களின் முறையீடு. இரண்டிலும் உண்மை இருப்பினும், பாரம் சிறியோர் மீதே மிகுதியாக இறங்கியுள்ளது.

2021 நவம்பரில் திருப்பதி நகரையும் கடப்பை மாவட்டத்தையும் பெருவெள்ளம் தாக்கியது போன்ற வேளைகளில் இவ்வமைப்பின் தரம் வெளிப்படும். நீர் வீட்டிற்குள் புகுந்த பின்னர்க் குழுவைக் கூட்டி விவாதிக்க நேரமில்லை. எவ்வளவு தொகையை இயக்குநர் தம் பொறுப்பில் உடனே செலவிடலாம், எத்தனை நாளுக்குள் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும் என்பன முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருப்பின் அரிசியும் போர்வையும் மறுநாளே சென்று சேரும்.

இத்தகைய சங்கங்கள் பல 1860ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் அமைந்தவை. குறைந்தது 7 பேர் இருந்தால் சங்கம் அமைக்கலாம். ஆட்சிக் குழுவினரின் பெயர், முகவரி, தொழில் ஆகியவை அடங்கிய பட்டியலை ஆண்டுதோறும் பதிவாளரிடம் அளிக்க வேண்டும். அச்சட்டத்தின் 19ஆம் பிரிவு, அங்கு அளிக்கப்பட்ட ஆவணங்களை ஒரு ரூபாய் கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம் என்று மூல வடிவிலேயே கூறுகிறது. கொடுத்தவரோ பெற்றவரோ அவ்வுரிமையைப் பயன்படுத்துவது அரிதாகவே உள்ளது.