போவதற்கும் நிற்பதற்கும் ஒரே சொல்

சென்ற மாரியில் ஓர் இரவு ஷிப்ற் இடைவேளையின்போது, எங்கள் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் தம்பி ஒருவர் இரண்டு கடதாசிகளை என் முன்னால் வைத்தார். ஒன்று தொழிற்சாலையின் விடுமுறைப் படிவம். மற்றது பிரித்தானிய உள்துறை அமைச்சு அவருக்கு அனுப்பிய கடிதம். இரண்டிலும் 'லீவ்' என்ற சொல் இருந்தது. "சேர், லீவ் எண்டால் போறதோ, நிக்கிறதோ?" என்று கேட்டார். ஊரில் விரிவுரையாளனாக இருந்த காலத்தில் இதைவிட நல்ல கேள்வியை எந்த மாணவரும் என்னிடம் கேட்டதாக நினைவில்லை. இடைவேளையோ இருபது நிமிடம். அன்று சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன்.

இன்று எழுத்திலும் ஒலியிலும் ஒன்றாகிவிட்ட இச்சொல் அடிப்படையில் ஒன்றல்ல, இரண்டு. பெயர்ச்சொல்லாக வரும் லீவ் 'அனுமதி' என்ற பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. நேசத்தைக் குறிக்கும் 'லவ்', நம்புவதைக் குறிக்கும் 'பிலீவ்' ஆகியவற்றுக்கு இது உறவு. ஜெர்மனியில் வாழும் நண்பர்கள் கோடை விடுமுறையை 'உர்லவுப்' என்கிறார்களே, அதன் பிற்பாதியும் இந்தக் குடும்பம்தான். அதுவும் முதலில் விடுமுறையைக் குறிக்கவில்லை. அனுமதியையே, குறிப்பாக ஆண்டையிடமிருந்து போவதற்குப் பெற்ற அனுமதியையே குறித்தது.

வினைச்சொல்லான லீவ் வேறு வேரிலிருந்து வருவது. அதன் பழைய பொருள் 'எஞ்சவிடு', 'இருக்கச் செய்'. 'தங்கு' என்று பொருள்படும் ஜெர்மன் 'பிளைபன்' இதன் ஒன்றுவிட்ட சகோதரம். அதாவது 'போ' என்று பள்ளிக்கூடத்தில் நாம் மனனம் செய்த வினையின் அடியில் கிடப்பது 'இரு' என்பது. வீட்டை அப்படியே இருக்க விட்டவன் அங்கிருந்து போனவன்தானே. பொருள் அந்த வழியில்தான் நகர்ந்தது. (மரத்தின் இலைகள் 'லீவ்ஸ்' ஆவது மூன்றாவது சொல். அதற்கு இங்கே வேலையில்லை.)

எங்கள் சுப்பவைசர் ஓர் இரவுக்குள் இந்த வினையைப் பாவிக்கும் விதங்களைக் கேட்டால் அகராதிகாரர் மகிழ்ந்துபோவார். தட்டை ஆறவிடு. பெல்ற்றை ஓடவிடு. அதைத் தொடாமல் விடு. என்னிடம் விட்டுவிடு, நான் பார்க்கிறேன். எல்லாவற்றையும் நம்முடைய 'விடு' தாங்கிக்கொள்கிறது. ஒரேயொரு இடத்தில் மட்டும் அது தனித்து நிற்காது. 'ஊரை விட்டு' என்று சொன்னால் பின்னால் 'போனான்' என்றும் சொல்லியாக வேண்டும். ஆனால் ஆங்கிலத்துக்குத் தற்செயலாக வாய்த்த ஒன்று நமக்கு இயல்பாகவே உண்டு. 'உள்ளே விட்டார்கள்' என்றால் அனுமதித்தார்கள். 'உள்ளேயே விட்டார்கள்' என்றால் எஞ்சவைத்தார்கள். (வீடு என்பதும் விடு என்ற அடியிலிருந்தே பிறந்தது என்பர் இலக்கணகாரர். அதற்குள் நான் போகவில்லை.)

விடை என்ற சொல்லையும் பாருங்கள். கேள்விக்குப் பதில், போவதற்கு அனுமதி, பிரிவு மூன்றும் அதில் இருக்கின்றன. பரிசில் பெற்ற பின் அரசனிடம் விடைபெறுவதைத் தொல்காப்பியப் புறத்திணையியல் தனியாகவே எடுத்துப் பேசுகிறது. அரசன் தானே விடை கொடுத்து அனுப்புவது ஒன்று, பரிசிலன் தானாகக் கேட்டுப் பெறுவது இன்னொன்று என்று உரைகாரர்கள் பிரிப்பர். ஆங்கிலத்தில் 'லீவ் எடுப்பது' விடைபெறுவதாவதும் இதே வழியில்தான். வேலைக்காரனும் சிப்பாயும் பாணனும் போவதற்கு அனுமதி வேண்டி நின்றார்கள். நவீன அரசின் வாசலில் நிற்பவர் கேட்பது இருப்பதற்கு அனுமதி.

பிரித்தானியாவின் 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் இந்தப் பெயர்ச்சொல்லின் மீதே கட்டப்பட்டது. நுழைய லீவ், இருக்க லீவ். 2001இல் எனக்குக் கிடைத்தது 'விதிவிலக்கான லீவ்': உன்னை அகதியென்று ஏற்கவில்லை, ஆயினும் நில். 2003இல் அந்த வகை ஒழிக்கப்பட்டது. எனக்கு 2005இல் 'இண்டெபினிற் லீவ்' வந்தது. எங்கள் மொழிபெயர்ப்பாளர்கள் இதை 'நிரந்தர வதிவிட அனுமதி' என்கிறார்கள். இதோடு எனக்கு உடன்பாடில்லை. சட்டத்தில் நிரந்தரம் என்ற சொல் இல்லை. காலவரையறை குறிக்கப்படாதது என்றுதான் இருக்கிறது. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் பொதுவாக அது காலாவதியாகிவிடும். நிரந்தரம் என்று நம்பி, படுக்கையில் கிடந்த தாயைப் பார்க்கப் போய் மூன்று ஆண்டுகள் நின்றவர்களுக்கு இது தெரியும்.

கடதாசி இல்லாத லீவும் இருந்தது. 1973 சனவரி முதலாம் திகதி அச்சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இங்கு குடியிருந்த கரீபியர் முதலான பொதுநலவாய மக்களுக்குச் சட்டமே அதை வழங்கியது. ஆனால் கையில் எதையும் கொடுக்கவில்லை. முதுமையில் அவர்களிடம் அத்தாட்சி கேட்டார்கள். வேலையிழந்தவர்கள், தடுத்துவைக்கப்பட்டவர்கள், நாடுகடத்தப்பட்டவர்கள் பற்றியெல்லாம் 2018இல்தான் ஊர் முழுக்கத் தெரிய வந்தது.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2016 யூன் 23இல், எங்கள் கடிதங்களில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு சொற்களையும் பிரித்து எதிரெதிராக வாக்குச்சீட்டில் போட்டார்கள். லீவா, றிமெயினா? இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்த நான் பொதுநலவாயக் குடிமகன் என்ற கணக்கில் வாக்களித்தேன். என்னோடு பெல்ற்றில் நின்ற போலந்துப் பெண்ணுக்கு வாக்கு இல்லை. 51.9 வீதத்தால் 'லீவ்' வென்றது. அதன் விளைவாக அவர் 2021 யூன் முடிவதற்குள் விண்ணப்பித்துப் பெற வேண்டியிருந்ததும் சட்டத்தின் மொழியில் ஒரு 'லீவ்'தான். இதை அவருக்கு விளக்க முயன்றேன். சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை.

என் கதையில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1999இல் ஊரை விட்டு வந்தது படிப்பு லீவில். லீவு முடிந்தும் திரும்பாததால், பதவியை நானாகவே விட்டுச் சென்றதாகக் கருதுவதாகக் கடிதம் வந்தது. லீவில் வந்தவன் லீவ் பண்ணியவனானேன். இங்கே இன்னொரு லீவில் இருக்கிறேன்.

தம்பியின் படிவத்தை நிரப்பினோம். தாயார் யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சிக்கு வருகிறார். இவர் ஊருக்குப் போக முடியாது, அங்கேதான் சந்திக்க வேண்டும். மூன்று கிழமை கேட்டோம். இரண்டு கிழமை தந்திருக்கிறார்கள்.