சிற்றோடையும் மண் அணையும்: சுகோமாஜ்ரி தரும் பாடம்

இமயத்தின் அடிவாரத்தில் அமைந்த சிவாலிக் குன்றுகள் இறுகாத மண்ணாலும் கூழாங்கற்களாலும் ஆனவை. மரமும் புல்லும் அழிந்த சரிவுகளில் மழைநீர் நிலத்துள் இறங்காமல், மண்ணை வாரிக்கொண்டு ஓடைகளில் பாய்கிறது. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடந்து, பருவமழையின்போது சில மணி நேரமே சீறியோடும் இவ்வோடைகளைப் பஞ்சாபில் ‘சோ’ என்பர். இவற்றால் விளையும் கேட்டைத் தடுக்க 1900ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

1958இல் சண்டீகரில் சுக்னா ஓடையை மறித்து ஏரி ஒன்று அமைக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் அதன் கொள்ளளவில் பெரும்பகுதியை வண்டல் தூர்த்துவிட்டது. அவ்வண்டலின் பிறப்பிடங்களுள் ஒன்று, ஹரியானாவைச் சேர்ந்த சுகோமாஜ்ரி சிற்றூரின் மேய்ச்சல் சரிவுகள் என்று கண்டறியப்பட்டது. மண்வள அறிஞர் பி. ஆர். மிஸ்ராவின் முயற்சியால், அங்கு 1976 முதல் சிறு மண் அணைகள் கட்டப்பட்டன.

அணை செயற்படும் முறை எளியது. பெருமழையின் நீரை அது தேக்கிக்கொள்வதால், கீழ்நிலங்களை ஒரே வேளையில் தாக்கும் வெள்ளத்தின் உச்சம் தணிகிறது. மண்ணும் அங்கேயே படிகிறது. ஆனால் மண் அணைக்குக் கரையின் மேல் வழிந்தோடும் நீரே பெரும் பகை. நீர் கரையைக் கடந்தால், அரிப்பு தொடங்கிச் சில மணி நேரத்தில் உடைப்பு நேரலாம். எனவே, கூடுதல் நீரைப் பாதுகாப்பாக வெளியேற்றப் போதிய அகலமுள்ள கலிங்கு இன்றியமையாதது. கரையை அடுக்கடுக்காக நீர் தெளித்துக் கெட்டிப்படுத்துவதும், கசிவைத் தடுக்க அடித்தளத்தில் களிமண் அணைப்பு அமைப்பதும் அத்துணை முக்கியமானவை.

எனினும், மேலே மேய்ச்சல் தொடர்ந்தால் அணையே தூர்ந்துபோகும். ஆடுமாடுகளைத் தடுக்க வேலியோ காவலோ மட்டும் போதாது. தேங்கிய நீர் பாசனத்திற்குப் பயன்பட்டபோதுதான் ஊரார் மனம் மாறினர். நிலமற்றோர் உட்பட எல்லாக் குடும்பங்களுக்கும் நீரில் சம பங்கு என்பது ஏற்கப்பட்டது. பங்கைப் பிறருக்கு விற்கவும் இடமிருந்தது. ஆதலால், சரிவைக் காப்பது அனைவருக்கும் நலம் தருவதாயிற்று. மேய்ச்சலைத் தாமே கட்டுப்படுத்திய அம்முறை ‘சமூக வேலி’ எனப் பெயர் பெற்றது. புல் வளர்ந்தது, வண்டல் வெகுவாகக் குறைந்தது.

பிற்காலத்தில் சம பங்கு முறை தளர்ந்து, நீருக்குக் கட்டணம் பெறும் முறை வந்தது. அணைகளிலும் வண்டல் சேர்ந்தது. கரையைக் கட்டுவது ஒரு பருவத்துப் பணி. சரிவையும் கலிங்கையும் காப்பதோ ஆண்டுதோறும் தொடர வேண்டிய கடமை. அக்கடமையைச் செய்வோருக்கு அணையின் பயனில் பங்கு உண்டா என்பதைத் திட்டம் வகுப்போர் முதலிலேயே உறுதி செய்தல் வேண்டும்.