பட்டறை பெற்ற பிள்ளைகள்

சென்னை அம்பத்தூர் தொழில் எஸ்டேட்டில் ஒரு சின்ன லேத் பட்டறை. முதலாளி ஒரு புஷ்ஷை எடுத்து எண்ணெய் போகத் துடைக்கிறார், கேஜை உள்ளே விட்டுப் பார்க்கிறார், நோட்டில் குறிக்கிறார். பத்து பீஸுக்கு ஒருமுறை இது நடந்தாக வேண்டும். பக்கத்துப் பாடியில் ஒரு பெரிய கம்பெனியில் இருபது வருஷம் வேலை பார்த்தபோது கையில் ஏறிய பழக்கம். அவரிடம் இருக்கும் இரண்டு பையன்களும் இப்போது அதேபோல் துடைத்து, அளந்து, எழுதுகிறார்கள். நாளைக்கு ஒருவன் தனியாகப் பட்டறை போட்டால் பழக்கமும் கூடவே போகும்.

பரிணாமக் கொள்கையைக் கொண்டு நிறுவனங்களைப் புரிந்துகொள்வது என்றால் இதுதான். உயிருக்கு மரபணு எப்படியோ அப்படித்தான் நிறுவனத்துக்கு அதன் அன்றாட வழக்கம் என்று ரிச்சர்ட் நெல்சனும் சிட்னி வின்டரும் 1982-ல் ஒரு நூலில் விளக்கினார்கள். டார்வினுக்குத் தேவைப்பட்டவை மூன்று: வேறுபாடு, தேர்வு, வழிவழியாகத் தொடர்தல். 1960-களில் தொடங்கிய இந்த எஸ்டேட்டில் மூன்றும் உண்டு. ஒரே பாகத்தை ஆளுக்கொரு விதமாகக் கடைகிறார்கள்; வாங்குகிற கம்பெனி சிலருடையதை எடுத்துக்கொள்கிறது, சிலருடையதை ரிஜெக்ட் செய்கிறது; நிலைத்த முறை ஆட்களோடு அடுத்த பட்டறைக்குப் போகிறது.

உயிருக்கும் நிறுவனத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசமும் இருக்கிறது. கொல்லர் சம்மட்டி அடித்து முறுக்கேற்றிய புஜம் அவர் பிள்ளைக்குப் பிறப்பிலேயே வராது. பட்டறை கற்றதோ உடனே அடுத்த பட்டறைக்குப் போய்விடும். பாடியின் சுந்தரம் கிளேட்டன் 1998-ல் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசு பெற்றது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் நிறுவனம் அதுதான். 2003-ல், பக்கத்திலேயே தலைமையகம் உள்ள பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்படப் பிரிவும் பெற்றது. உயிரினங்களுக்கு எத்தனையோ தலைமுறை பிடிக்கும் மாற்றம் இங்கே ஐந்து வருஷத்தில் பக்கத்து நிறுவனத்துக்கு வந்துவிட்டது.

'வலியது வாழும்' என்று நாம் சொல்லிப் பழகியதுதான் குழப்பம். டார்வின் பேசியது வலிமையை அல்ல, சூழலுக்குப் பொருந்துவதை. அம்பத்தூரில் டன்லப்பை விடப் பெரிய பெயர் எது? டயர் ஆலை மூடிவிட்டது; பேருந்து நிறுத்தத்துக்கு மட்டும் அந்தப் பெயர் மிச்சம். சைக்கிள் செய்வதற்காக 1949-ல் தொடங்கப்பட்ட டி.ஐ. குழுமமோ இன்று மின்சார ஆட்டோ செய்கிறது. எல்லோராலும் அப்படி மாற முடியாது. பழைய நிறுவனங்கள் இறுகிப்போகின்றன, பெரும்பாலும் பழையவை மறைந்து புதியவை முளைப்பதாலேயே மாற்றம் நடக்கிறது என்று மைக்கேல் ஹன்னனும் ஜான் ஃப்ரீமனும் 1977-லேயே வாதிட்டார்கள்.

ஆட்களை வேலையிலிருந்து வெளியே அனுப்ப இந்தக் கொள்கையை நியாயமாகக் காட்டுபவர்கள் உண்டு. அது தவறு என்றே நான் நினைக்கிறேன். இயற்கை இப்படி என்று சொல்வது வேறு, நாமும் அப்படியே நடக்க வேண்டும் என்பது வேறு. அதோடு, வழக்கம் குடியிருப்பதே ஆட்களிடம்தான். நம் முதலாளி கடையும் புஷ் பெட்ரோல் என்ஜினுக்குப் போகிறது. மின்சார வண்டியில் அந்த என்ஜினே கிடையாது. ஆர்டர் நின்றால் லேத்தை விற்றுவிடலாம், வாங்க ஆள் இருக்கிறது. அவர் மோட்டார் பாகம் செய்யும் இடத்துக்குப் போனால், பத்து பீஸுக்கு ஒருமுறை அங்கேயும் கேஜ் உள்ளே போகும். ஏதாவது அப்பார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டியாக உட்கார்ந்துவிட்டால், இருபது வருஷப் பழக்கத்தில் அந்தக் கிளை அங்கேயே பட்டுப்போகும்.