சிகிச்சை முடிந்த பின் ஒலிக்க வேண்டிய தொலைபேசி

கடைசிக் கீமோ முடிந்ததும், புதுச்சேரி ஜிப்மருக்கும் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும் மாதக்கணக்கில் அலைந்த அலைச்சல் ஓய்கிறது. உறவினர்கள் நிம்மதி அடைகின்றனர். அடுத்த பரிசோதனைக்குப் பெரும்பாலும் மூன்று மாதங்கள் இருக்கும். அந்த இடைவெளியில்தான் பலருடைய மனம் தளர்வதை நாங்கள் காண்கிறோம்.

சாதாரணத் தலைவலி வந்தாலும் நோய் திரும்பிவிட்டதோ என்ற அச்சம் எழுகிறது. ஸ்கேன் எடுக்கும் நாள் நெருங்க நெருங்க உறக்கம் கெடுகிறது. உடற்சோர்வு மாதங்கள் கடந்தும் நீடிக்கலாம். “எல்லாம் குணமாகிவிட்டதே, இன்னும் என்ன?” என்று வீட்டார் கேட்கும்போது நோயாளி வாய் மூடிக்கொள்கிறார். இதைப் பேசுவதற்காகவே செஞ்சியிலிருந்தோ மரக்காணத்திலிருந்தோ ஒரு நாள் கூலியை இழந்து பேருந்தில் வருவார்களா? வரமாட்டார்கள். ஆகவே ஆலோசனை தொலைபேசி வழியே வீட்டுக்குச் செல்வது நல்லது.

அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த 304 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு ஓராண்டு காலம் தொலைபேசியில் ஆலோசனை வழங்கப்பட்டது. மனச்சோர்வின் சராசரி அளவில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. ஆனால் தாம்பத்திய உறவு சார்ந்த சிக்கல்கள் குறைந்தன. எங்களுக்கு இதில் வியப்பில்லை. முகம் பார்த்துச் சொல்லக் கூசுவதைக் குரலால் சொல்ல முடிகிறது.

ஆனால் இங்கே ஒரு தடை உண்டு. நோயாளியின் பதிவேட்டில் பெரும்பாலும் மகனின் எண்ணோ கணவரின் எண்ணோதான் இருக்கிறது. அழைத்தால், “அம்மா நன்றாக இருக்கிறார்கள், டாக்டர்” என்ற பதில் வந்து உரையாடல் முடிகிறது. அன்பினால் சொல்லும் பதில்தான். ஆயினும் அந்த அம்மாவின் குரல் எங்களை எட்டுவதில்லை. குடும்பத்தினர் தொலைபேசியை அவரிடம் கொடுத்துவிட்டுச் சற்று விலகி இருக்க வேண்டுகிறோம். ஒலிபெருக்கியில் போட வேண்டாம்.

மருத்துவமனையின் அழைப்புக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 சேவையும் உண்டு. இவை புற்றுநோய்க்கென்றே அமைந்தவை அல்ல. எனவே என்ன நோய், என்ன சிகிச்சை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

புதிய கட்டி, இரத்தக்கசிவு, மூச்சுத்திணறல், விடாத காய்ச்சல் ஆகியவற்றுக்குத் தொலைபேசி ஆலோசனை போதாது. உடனே நேரில் வர வேண்டும். டமாக்சிஃபென் போன்ற மாத்திரைகளை ஐந்தாண்டுகளோ அதற்கு மேலோ உண்ண வேண்டியிருக்கும். சலிப்பினால் நிறுத்தத் தோன்றினால், நிறுத்துவதற்கு முன் எங்களிடம் சொல்லுங்கள்.

அடுத்த முறை வரும்போது, உங்கள் கைக்கே வரும் எண்ணையும், தனியாகப் பேச வசதியான நேரத்தையும் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.