இரண்டாம் சிரிப்பு

சென்ற குளிர்காலத்தில் தில்லியில் எங்கள் குடியிருப்புத் தமிழர்கள் சேர்ந்து ஒரு காதல் நாடகம் போட்டார்கள். நடிக்க வராத காரணத்தால் எனக்குக் கிடைத்தது, படுதாவின் ஓரத்தில் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கும் பதவி. அந்த இடத்திலிருந்து நாடகம் பாதிதான் தெரியும். சபையின் முன்வரிசைகள் நன்றாகத் தெரியும். ஆகவே, சிரிப்பு நாடகம் எப்படி இயங்குகிறது என்பதைச் சிரிப்பவர்களைப் பார்த்தே தெரிந்து கொண்டேன். பௌதிக மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

கதை ஷேக்ஸ்பியருடையது: 'ஆஸ் யூ லைக் இட்'. இதைத்தான் பம்மல் சம்பந்த முதலியார் 'விரும்பிய விதமே' என்று தமிழில் ஆக்கினார். 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையை நண்பர்களோடு தொடங்கியபோது அவருக்கு வயது பதினெட்டு. கூத்தாடிகளின் தொழில் என்று ஏளனம் செய்யப்பட்ட நடிப்பை, வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் ஆசைக்காக ஏற்று நடித்தது அச்சபையில்தான். தீரர் சத்தியமூர்த்திகூட அங்கே வேஷம் கட்டியவரே. எங்கள் குழுவும் அந்த வம்சம் என்று பெருமைப்பட்டுக் கொள்ளலாம். பகலில் அமைச்சக வேலை, மாலையில் ஒத்திகை! முதலியாருடைய நடை எங்களுக்கு எட்டாதாகையால், கதையை மட்டும் எடுத்துக் கொண்டு வசனத்தைப் பேச்சுத் தமிழில் நாங்களே எழுதிக் கொண்டோம்.

நாடு கடத்தப்பட்ட கதாநாயகி ஆண் வேஷத்தில் காட்டுக்குப் போகிறாள். அவளை எண்ணி மரந்தோறும் கவிதை தொங்கவிட்டுக் கொண்டு அங்கே திரிகிறான் காதலன். "என்னையே உன் காதலியாக நினைத்துக் கொண்டு பேசு, உன் பைத்தியத்தைத் தெளிவிக்கிறேன்" என்கிறான் அந்தப் 'பையன்'. ஷேக்ஸ்பியர் காலத்தில் பெண் வேஷம் கட்டியவர்கள் சிறுவர்கள். எனவே, ஆண் பெண்ணாகி, அந்தப் பெண் ஆணாகி, அந்த ஆண் பெண்ணாக நடிக்க வேண்டும். முதலியாருடைய சபையிலும் பெண் வேஷம் ஆண்களுக்குத்தான். எங்களுக்கு ஒரு முடிச்சுக் குறைவு. கல்லூரிப் பெண்ணொருத்தி துணிந்து முன்வந்தாள்.

இவ்வகை நாடகத்தின் சூட்சுமம் ஒன்றே: காதலனுக்குத் தெரியாதது சபைக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1964-இல் வந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில் முத்துராமன் கிழவர் வேஷத்தில் வரும்போது நாம் சிரிப்பதும் இதனால்தான். ஆனால், சபையில் பாதிப்பேருக்கு வசனமே புரியாவிட்டால்?

எங்கள் சங்கடம் அங்கேதான். தில்லியில் பிறந்த பேரன் பேத்திகளுக்குத் தமிழ் அரைகுறை. கதாநாயகிக்கே தமிழ் எழுத்துத் தெரியாது. வசனத்தை இந்தி எழுத்தில் எழுதிக் கொண்டாள். அதில் ஒரு நன்மையும் உண்டு. நம் ஒரே ககரத்துக்கு எந்த இடத்தில் எந்த ஒலி என்று அவள் எழுத்து சுத்தமாகக் காட்டிவிடும். கெடுதல் என்னவென்றால், எகர ஒகரக் குறிலுக்கு இந்தி வழக்கில் தனியெழுத்துக் கிடையாது. "இந்தக் கொடியைப் பிடித்துக் கொண்டு ஏறு" என்பதை அவள் "கோடியைப் பிடித்துக் கொண்டு" என்று படித்தாள். "கோடி கிடைத்தால் இவன் எதற்கம்மா?" என்றார் நாடகத்தை நடத்திய மாமா.

முழு ஒத்திகைக்குச் சில குடும்பங்களை அழைத்திருந்தோம். அன்று ஒரு விசித்திரத்தைக் கவனித்தேன். ஒவ்வொரு வேடிக்கைக்கும் இரண்டு சிரிப்பு வந்தது! அரங்கின் நீளம் சுமார் இருபது மீட்டர். ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. கடைசி வரிசைக்கு எட்டப் பதினேழில் ஒரு பங்கு வினாடி போதும். இரண்டாம் சிரிப்போ மூன்று நான்கு வினாடி கழித்து வந்தது. தாத்தா பாட்டிகள் குனிந்து இந்தியில் சொல்லிக் கொடுக்க எடுத்துக் கொண்ட நேரம் அது.

இதனால் ஆட்டம் குலைந்தது. சிரிப்பு உச்சிக்கு ஏறி இறங்கத் தொடங்கும்போது அடுத்த வசனத்தைப் பிடிக்க வேண்டும் என்பது நடிகர் அறிந்த விதி. முந்தினால் வசனம் கேட்காது. பிந்தினால் காட்சி செத்துவிடும். இரண்டாம் சிரிப்புக்காகக் காத்திருப்பதா, வேண்டாமா?

"பாதியை இந்தியிலேயே போட்டு விடலாம்" என்றார்கள் சங்கத்தார். மாமாவும் தலையை ஆட்டினார். எனக்குக் கோபம் வந்தது. "அப்புறம் எதற்கு மாமா தமிழ் நாடகம்?" என்று கேட்டுவிட்டேன். "நீ வசனத்தை எடுத்துக் கொடுத்தால் போதும்டா" என்றார். வழி சொன்னவள் அந்தப் பெண்தான். "அண்ணா, நான் பாட்டு கேட்கிறபோது எனக்கும் வார்த்தை புரியாது. முகத்தைப் பார்த்துத்தானே புரிந்து கொள்கிறேன்?" என்றாள்.

பிறகு, வசனத்தைத் தொடாமல் தலைப்பாகையை மாற்றினோம். அவள் பையனாகப் பேசும்போது பின்னல் உள்ளே இருக்கும். மனம் இளகி உண்மை வெளிப்படும் இடத்தில் பின்னல் நழுவி முதுகில் விழும். அவள் பதறிச் செருகிக் கொள்வாள். காதலன் மட்டும் அப்போது மரத்தில் கவிதை கட்டிக் கொண்டிருப்பான். மாமா இதைத் தம் யோசனையாகவே இன்றுவரை சொல்லி வருகிறார், போகட்டும்.

நாடகத்தன்று முதற் காட்சியில் பழைய கதைதான், இரண்டு சிரிப்பு. பின்னல் முதன்முறை விழுந்தபோது சபை முழுவதும் ஒரே சிரிப்பாகச் சிரித்தது. சில இடங்களில் குழந்தைகளே முந்திக் கொண்டார்கள். மூன்றாம் வரிசையில் காது மந்தமான ஒரு பாட்டியின் பக்கம் அவர் பேரன் குனிந்து, தனக்குத் தெரிந்த தமிழில், "அவன் அவன் இல்லே பாட்டி, அவதான் அவன்" என்று உரக்கச் சொன்னான்.

"அது எனக்குத் தெரியாதாடா, பேசாம பாரு" என்றாள் பாட்டி. இதைக் கேட்டுக் கொண்டிருந்ததில் நான் பக்கத்தைத் தவறவிட்டேன். காதலன் மேடையில் விழித்துக் கொண்டு நின்றான்.