ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து அரங்கிற்கு

இசைத்தட்டில் மாத்திரம் வாழ்ந்துவந்த ஓர் இசை, பல்லாண்டுகளின் பின் மேடையேறும்போது என்ன நிகழ்கின்றது? இவ்வினாவுக்கு விடை காணப் பிரெஞ்சு மெல்லிசை உலகிலே நல்லதோர் உதாரணம் உண்டு. பாடகர் சேர்ஜ் கேன்ஸ்பூர் 1971ஆம் ஆண்டு வெளியிட்ட 'மெலடி நெல்சனின் கதை' என்னும் இசைத்தட்டே அது. உருப்படிகள் ஏழு, முழுவதையும் கேட்டு முடிக்க அரைமணி நேரமும் செல்லாது. வெளிவந்த காலத்தில் அதனை வாங்கியோர் மிகச் சிலரே. ஆயினும் அச்சிலர் அதனைக் கைவிடவில்லை. அவர்தம் ஆர்வமே அதனை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சேர்த்தது.

கதை சிறியது. றோல்ஸ் றோய்ஸ் காரில் வரும் நடுவயதினன் ஒருவன், சைக்கிளில் செல்லும் இளம் பெண்ணை மோதிவிடுகின்றான், அவள்மீது மோகங்கொள்கின்றான். பின்னர் அவள் விமான விபத்தில் மடிகின்றாள். விமானங்கள் வானிலிருந்து பொருள்களைக் கொண்டுவருமென நம்பி வழிபட்ட நியூகினித் தீவினரைப்போல, அவனும் அவளுக்காகப் பிரார்த்திக்கின்றான். அவளோ வயதில் மிகச் சிறியவள். இன்று கேட்போர் மனம் கூசுவதில் வியப்பில்லை. இசைத்தட்டின் பெருமை கதையில் இல்லை, இசை அமைப்பிலேயே உள்ளது.

அவ்வமைப்பைச் செய்தவர் ஜான் குளோட் வானியே. 1943இல் பிறந்த அவருக்கு அப்போது வயது முப்பதும் ஆகவில்லை. பேஸ் கிற்றாரும் மின்கிற்றாரும் முரசும் லண்டனிலே பதிவாயின. வயலின் முதலிய தந்தி வாத்தியங்கள் பாரிஸிலே பின்னர் சேர்க்கப்பட்டன. ஆகவே, இசைத்தட்டிலே ஒருவரோடொருவர் உரையாடுவதாய்த் தோன்றும் கலைஞர்கள், உண்மையில் ஒரே கூடத்தில் ஒன்றாய் இருந்து வாசித்தவர்களல்லர். கேன்ஸ்பூரும் பெரும்பகுதியைப் பாடவில்லை. ஒலிவாங்கியின் அருகே வாயை வைத்து முணுமுணுத்தார். அந்த முணுமுணுப்பு ஒரு பெரும் வாத்தியக் கோஷ்டிக்கு மேலே தெளிவாய்க் கேட்பது ஒலிப்பதிவாளரின் கைவண்ணம்.

மேடையிலே இந்த வசதி இல்லை. வயலின்களின் ஓசை ஒலிபெருக்கியை எதிர்பாராமல் நேரே செவிக்கு வரும். முரசின் அதிர்வோ வயலின்களுக்கென வைத்த ஒலிவாங்கிகளுக்குள்ளும் புகுந்துவிடும். இதனைத் தடுக்க முரசைச் சூழக் கண்ணாடி போன்ற மறைப்புகளை நிறுத்துவதுண்டு. இதைவிடப் பெரிய சிக்கல் தாளத்திலே உள்ளது. முரசு வாசிப்பவர் அடிக்கும் கணத்திலேயே ஓசை பிறக்கும். வயலின்காரரோ கோலின் அசைவைக் கண்டு, வில்லை இழுத்து, ஒலி முதிரும்போது ஒரு நொடியின் சிறு பங்கு கடந்துவிடும். இரு சாராரையும் இணைத்துச் செல்வது இயக்குபவரின் பொறுப்பு. மேலும், பேஸ் கிற்றார்க்காரர் மனம்போன போக்கில் வாசித்ததாய் ஒலிப்பவையெல்லாம் இங்கே ஒழுங்குக்குள் வரவேண்டும். வந்தும், கட்டுப்பட்டவைபோல் தோன்றலாகாது.

2006ஆம் ஆண்டு ஒக்ரோபரிலே லண்டன் பார்பிக்கன் மண்டபத்தில் இச்சோதனை நடைபெற்றது. பீ.பீ.ஸி. கொன்சேட் வாத்தியக் கோஷ்டியும் பெரியதொரு பாடகர் குழுவும் மேடையில் அமர்ந்தன. கேன்ஸ்பூர் 1991இலேயே காலமாகிவிட்டார். அவரது இடத்தை ஜார்விஸ் கொக்கர் முதலிய பாடகர் பலர் பகிர்ந்துகொண்டனர். அக்கால லண்டன் ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்த மூத்த கலைஞர் சிலரும் உடனிருந்தனர். கோலைப் பிடித்தவர் வானியே.

இதனால் விளைந்த மாற்றம் கவனிக்கத்தக்கது. இசைத்தட்டைக் கேட்பவர் பாடகரின் குரலையே பின்தொடர்வர். அரங்கில் இருப்பவரின் கண்களோ கோஷ்டியை நோக்கித் திரும்பும். எந்தச் சொல்லுக்கு வயலின்கள் எழுகின்றன, எவ்விடத்தில் அவை மௌனமாய்க் காத்திருக்கின்றன என்பன கண்முன்னே புலனாகும். முப்பத்தைந்து ஆண்டுகள் பாடகரின் நிழலில் இருந்தவரின் உழைப்பு அன்று வெளிச்சத்திலே நின்றது.

அதே மாலையில் வானியே தம் பெயரில் 1972இல் ஆக்கிய மற்றொரு படைப்பும் வாசிக்கப்பட்டது. 'ஈக்களைக் கொல்லும் குழந்தை' என்பது அதன் பெயர். வாத்தியமல்லாத பொருள்களின் ஓசைகளும் கலந்த விசித்திர இசை அது. அதற்கொரு கதையைக் கேன்ஸ்பூர் பின்னரே எழுதிக்கொடுத்தார். இங்கே இசை முந்தியது, சொல் பிந்தியது. வெகுகாலம் கைக்கெட்டாப் பொருளாயிருந்த அந்த இசைத்தட்டை, அன்று மண்டபம் முழுவதும் ஒருங்கே கேட்டது.

இந்நிகழ்ச்சி 2008இல் பாரிஸிலும் 2011இல் அமெரிக்காவின் ஹொலிவூட் பவுல் திறந்தவெளி அரங்கிலும் தொடர்ந்தது. முதல் உருப்படியின் அதே பேஸ் கிற்றார் இசை இறுதி உருப்படியில் மீண்டும் வரும். அதன்மீது பாடகர் குழுவின் குரல் அலையாய் எழும். இசைத்தட்டிலே அது தொலைவிலிருந்து வருவதுபோல் ஒலிக்கும். அரங்கிலோ இருக்கையே அதிரும்.