அந்தகாரத்தில் ஓர் ஔஷதப் பாடம்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், 1986-ஆம் ஆண்டில் குகை ஆராய்வோர் மூடிக்கிடந்த இடிபாடுகளைத் தோண்டி வழிகண்ட லெச்சுகில்யா என்னும் ஆழ்குகையின் சில பகுதிகள், சுமார் 40 லட்சம் ஆண்டுகளாக வெளியுலகத் தொடர்பின்றிக் கிடந்தவை. சூரிய கிரணம் எட்டாத அவ்வந்தகாரத்தில், அற்பமான போஷணையைக் கொண்டே ஜீவிக்கும் பாக்டீரியாக்களை ஹேசல் பார்ட்டன், ஜெரி ரைட் முதலிய விஞ்ஞானிகள் பரிசோதித்தபோது, மனிதனின் ஔஷதத்தை ஒருபோதும் கண்டிராத அந்நுண்ணுயிர்களுட் சில, இன்று வைத்தியர்கள் கையாளும் ஆன்டிபயாடிக் மருந்துகள் பலவற்றை எதிர்த்து நிற்கும் ஆற்றலை இயல்பாகவே பெற்றிருந்தமை புலனாயிற்று.

இது ஆச்சரியமேயாயினும் காரணமற்றதன்று; ஏனெனில், அம்மருந்துகளிற் பல, ஆதியில் நுண்ணுயிர்களே தமக்குள் நிகழும் போராட்டத்திற்காகச் சுரந்த விஷங்கள்; விஷம் எவ்வளவு புராதனமோ, அதைச் செயலிழக்கச் செய்யும் உபாயமும் அவ்வளவு புராதனம். அக்குகையிற் கிடைத்த பேனிபேசில்லஸ் பாக்டீரியா ஒன்று, அதுவரை எவரும் அறியாதிருந்த எதிர்ப்பு உபாயங்களையும் வெளிப்படுத்தியது. ஆஸ்பத்திரிகளில் நாளை தலைதூக்கக்கூடிய எதிர்ப்பை இன்றே அறிந்து, அதற்கு மாற்றுத் தேட இவ்வறிவு துணைசெய்யும். புதிய மருந்துகளும் அக்குகையில் கிட்டலாம். ஆகவே, இத்தகைய குகைகளை அசுத்தம் அணுகாமற் காப்பது, மனித குலத்தின் ஆரோக்கியத்தையே காக்கும் கடமையாகும்.